தெருமுனையில் ஸ்ட்ரிப் கிளப்புக்கு லைசென்ஸ் கேட்டால் என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சேர்ந்த எங்கள் சாட்ஸ்வர்த்தில் யாரும் "இங்கே ஸ்ட்ரிப் கிளப் வருகிறது" என்று எழுதி ஒட்ட மாட்டார்கள். "ரெஸ்டாரண்ட், நேரடி நிகழ்ச்சிகளுடன்" என்று இருக்கும். அல்லது "ஜென்டில்மேன்ஸ் லவுஞ்ச்". சில சமயம் "பிரைவேட் மெம்பர்ஸ் கிளப்". ஏ4 தாளில், பொடி எழுத்தில், பூட்டிக் கிடக்கும் கடையின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருப்பார்கள். வெயிலில் மங்கிவிடும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடப் படிக்க மாட்டார்கள். அதைப் படிப்பதுதான் உங்கள் முதல் வேலை. படித்த கையோடு போனில் இரண்டு படம் எடுங்கள்: தாள் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, கடை முகப்போடு சேர்த்து ஒன்று. நோட்டீஸ் எத்தனை நாள் ஒட்டியிருந்தது என்று பிறகு சண்டை வரும்போது அந்தப் படங்களில் இருக்கும் தேதிதான் பேசும்.

நான் வக்கீல் இல்லை. வீடுகளுக்குப் பிளான் வரைகிறவன். வராண்டாவை நீட்டுவது, கராஜை கிரானி ஃபிளாட் ஆக்குவது, அனுமதி இல்லாமல் கட்டியதை அனுமதிக்குள் கொண்டுவருவது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். மூடிப்போன ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடிக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தபோது வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மதுச் சட்டம் கொஞ்சம் மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் நாடு முழுவதும் ஒன்றுதான்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். "இது நம் கலாசாரத்துக்கு ஆகாது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று கோவில் மண்டபத்தில் பேசினால் கைதட்டு கிடைக்கும். லைசென்ஸ் கொடுக்கிற மேசையில் அது செல்லாது. 1989ஆம் ஆண்டு லிக்கர் சட்டத்தில் 160(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. மது பரிமாறுகிற இடத்தில் ஆடையில்லாமலோ அரைகுறை ஆடையோடோ யாரும் மேடையேறக் கூடாது என்றது அது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ரிவோனியாவில் 'தி ரான்ச்' நடத்திய ஆண்ட்ரூ பிலிப்ஸ் மேல் அந்தப் பிரிவிலும் வழக்குப் போட்டார்கள். அவர் அதை அரசியல் சாசன நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2003 மார்ச் 11 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நாடக மேடையில் நடக்கும் கலையையும் சேர்த்து வளைத்துப் பிடிக்கிற அளவுக்கு அது அகலமாக இருக்கிறது, கருத்து வெளிப்பாட்டு உரிமையை அவ்வளவு தூரம் வெட்ட முடியாது என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் டர்பன்காரர், நீதிபதி ஜக் யாக்கூப்.

ஆகவே உடையைக் களைந்து ஆடுவது இந்த நாட்டில் குற்றமில்லை. பணத்துக்குப் பாலுறவு குற்றம்தான், 2002இல் ஜோர்டன் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிற்க விட்டது. ஆனால் அது போலீஸ் பார்க்க வேண்டிய விஷயம், லைசென்ஸ் மனுவில் நாம் ஊகித்து எழுதுகிற விஷயம் இல்லை. மேடையில் என்ன நடக்கும் என்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கட்டடம், அந்த முகவரி, அந்த நேரம், அந்த வாசல், அந்த பார்க்கிங் என்று மட்டும் பேசினால் எதிராளியின் வக்கீல் உங்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று பாருங்கள்

ஒரு கிளப் திறக்க ஒரே ஒரு லைசென்ஸ் போதாது. இது பலருக்குத் தெரியாது. லிக்கர் லைசென்ஸை மட்டும் எதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மது லைசென்ஸ் மாகாணத்தின் கையில். எங்கள் மாகாணத்தில் 2010ஆம் ஆண்டின் லிக்கர் லைசென்சிங் சட்டம், எண் 6. இதற்கு விளம்பரம் வரும், ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி இருக்கும், ஹியரிங் வைப்பார்கள்.

நைட் கிளப்புக்கான பிசினஸ் லைசென்ஸ் மாநகராட்சியின் கையில். 1991ஆம் ஆண்டின் பிசினசஸ் சட்டம், எண் 71, முதல் அட்டவணை, இரண்டாவது உருப்படி. அதில் சுவையான கூட்டணி ஒன்று இருக்கிறது: துருக்கிக் குளியல், மசாஜ், எஸ்கார்ட், மூன்று அல்லது அதற்கு மேல் ஸ்னூக்கர் மேசை, நைட் கிளப், சினிமா தியேட்டர், எல்லாம் ஒரே வரிசையில். இதற்கு நாமாகப் போய்க் கேட்டால்தான் விண்ணப்பம் வந்திருப்பது தெரியும். கட்டடம் நகரமைப்பு விதிக்கும் தீ, சுகாதார விதிக்கும் பொருந்தவில்லை என்றால் மறுக்கலாம். விண்ணப்பதாரர் தகுதியான ஆள் இல்லை என்றாலும் மறுக்கலாம்.

மூன்றாவது சோனிங். நான்காவது கட்டடப் பிளான். இந்த இரண்டும்தான் என் கோட்டை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மனைக்கும் மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ஒரு நிறம், ஒரு வகை உண்டு. அந்த வகையில் எதைத் தாராளமாகச் செய்யலாம், எதற்குத் தனிச் சம்மதம் வாங்க வேண்டும், எது கூடவே கூடாது என்று பட்டியல் இருக்கும். கடை வேறு, ரெஸ்டாரண்ட் வேறு, இரவு விடுதி வேறு. "ரெஸ்டாரண்ட்" என்று விண்ணப்பித்துவிட்டு மேடையும் கம்பமும் வைத்தால் அது ரெஸ்டாரண்ட் இல்லை. மனை எண்ணை எடுத்துக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போய், அதன் சோனிங் சான்றிதழைக் கேளுங்கள். தெரு முகவரி போதாது, எர்ஃப் எண் என்கிற அந்த மனை எண்தான் வேண்டும். ரேட்ஸ் (சொத்து வரி) பில்லில் இருக்கும், இல்லாவிட்டால் மாநகராட்சி வரைபடத் தளத்தில் கிடைக்கும். தனிச் சம்மதம் கேட்டிருந்தால் அதற்கும் வேறு நோட்டீஸ், வேறு கடைசித் தேதி. 2013ஆம் ஆண்டின் ஸ்ப்லூமா என்ற நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி அந்த முடிவுக்கு மேல்முறையீடு செய்ய, முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்தான். இந்த 21ஐ காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி எல்லாம் அதற்குக் கணக்கில்லை.

மனையின் டைட்டில் டீடையும் பாருங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் டீட்ஸ் ஆபீசில் சிறு கட்டணத்துக்குப் பிரதி கிடைக்கும். பழைய பத்திரங்களில் "இந்த மனையில் இன்னது மட்டும்" என்று கட்டுப்பாடு எழுதியிருப்பது உண்டு. அந்த வரி இருந்தால், அதை முறைப்படி நீக்காமல் மாநகராட்சி வேறு பயன்பாட்டுக்கு வழிவிட முடியாது. இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இப்போது பிளான். தேசியக் கட்டட விதிகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. கடை என்றால் எஃப் வரிசை. மக்கள் கூடிச் சாப்பிட, குடிக்க, ஆடுகிற இடம் என்றால் ஏ1. ஃபர்னிச்சர் கடையாக அனுமதி வாங்கிய மாடியை ஏ1 ஆக்க வேண்டுமானால் திருத்திய பிளான் போட வேண்டும். வாசல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அகலம், மாடியிலிருந்து தப்பிக்க இரண்டாவது படிக்கட்டு எங்கே, கழிப்பறை எத்தனை, உள்ளே எத்தனை பேர், வண்டி நிறுத்த இடம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். கடையில் ஒரு நேரத்தில் சோபா பார்க்க நாலு பேர் வருவார்கள். கிளப்பில் வெள்ளி இரவு கூட்டம் நெருக்கும். அதற்கேற்ற கணக்கு வேறு. வேலை முடிந்த பிறகு 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஆக்குபேஷன் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே ஆள் ஏற்றக் கூடாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது: "இந்த முகவரிக்குக் கடைசியாக அனுமதித்த பிளானின் வகுப்பு என்ன? ஏ1 பிளான் சமர்ப்பித்திருக்கிறார்களா?" கவுண்டரில் பதில் வராவிட்டால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில், இங்கே எல்லோரும் 'பையா' என்று சொல்கிறோமே அதில், படிவம் 2 நிரப்பிக் கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆட்சேபக் கடைசித் தேதி அதற்கு முன்னால் வந்துவிடும் என்பதால், பையா விண்ணப்பத்தை முதல் நாளே போட்டுவிட்டு, அதன் நகலை ஆட்சேபத்தோடு இணைத்து, "இந்தத் தகவலுக்குக் காத்திருக்கிறோம், அது வந்ததும் கூடுதல் வாதம் வைக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த்தில் வாசல் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2000 மார்ச் 24 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். த்ராப் நைட் கிளப்பில் கண்ணீர்ப்புகை பரவி, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். ஹியரிங்கில் அதைச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக, விண்ணப்பதாரர் தலையில் பழியைப் போடாமல். "இந்த ஊர் ஏன் வாசல்களை எண்ணிப் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியும்" என்றால் போதும். அந்தக் குடும்பங்கள் இன்னும் நம் நடுவே வாழ்கிறார்கள். அவர்கள் துக்கத்தை மைக்கில் நீட்டிப் பேச நமக்கு உரிமை இல்லை.

500 மீட்டர்

எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: "பள்ளிக்கூடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கூடாதாம்." 2016ஆம் ஆண்டின் தேசிய மதுக் கொள்கை அப்படித்தான் சொல்கிறது. பள்ளி, வழிபாட்டுத் தலம், பொழுதுபோக்கு இடம், மறுவாழ்வு மையம், குடியிருப்பு இவற்றிலிருந்து குறைந்தது 500 மீட்டர். ஆனால் அது கொள்கை. அதைச் சட்டமாக்க வந்த மசோதா சட்டமாகவில்லை. எனவே அந்தக் கொள்கையை மட்டும் காட்டி "சட்டம் மீறப்பட்டது" என்று எழுதினால் எதிர்த்தரப்பு சிரிக்கும். "அரசின் சொந்தக் கொள்கை இந்தத் தூரத்தைச் சொல்கிறது, இந்த இடம் அதற்குள் இருக்கிறது, பொதுநலனை எடைபோடும்போது இதைக் கணக்கில் எடுங்கள்" என்று எழுதினால் சிரிக்க முடியாது.

தூரத்தை நீங்களே அளந்து படமாகக் கொடுங்கள். கூகுள் மேப்பில் அளக்கும் வசதி இருக்கிறது. விண்ணப்பக் கட்டடத்தை நடுவில் வைத்து 500 மீட்டர் வட்டம் ஒன்று போட்டு, அதற்குள் வரும் ஒவ்வொரு கோவில், பள்ளிவாசல், சர்ச், குழந்தைகள் காப்பகம், பள்ளி, கிளினிக், விளையாட்டு மைதானத்துக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் பெயரையும் வாசலுக்கு வாசல் தூரத்தையும் எழுதுங்கள். பள்ளி விடும் நேரம், கோவிலில் சாயங்காலப் பூஜை நேரம், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம், ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள், ரதம் போகும் பாதை, இவற்றையும் சேர்க்கலாம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் உள்ளூர்க்காரராக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு நம் தெரு எப்படி இயங்குகிறது என்று அந்த ஒரு பக்கம் காட்டிவிட வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது

மனு என்று ஒரே தாளில் ஆயிரம் கையெழுத்து வாங்குவது நம் மக்களுக்குப் பிடித்த வேலை. கோவில் வாசலில் மேசை போட்டால் ஒரு காலையில் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவுன்சிலரை அசைக்க அது உதவும். ஆனால் முடிவெடுக்கிறவருக்கு ஒரே வாசகம் கொண்ட ஆயிரம் கையெழுத்து கிட்டத்தட்ட ஒரே ஆட்சேபம்தான். அதைவிட, பத்துப் பேர் பத்து விதமாக எழுதிய பத்துக் கடிதம் கனமானது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் படுக்கையறை ஜன்னலுக்கும் கிளப்பின் பின்வாசலுக்கும் உள்ள தூரத்தை எழுதட்டும். நைட் ஷிப்ட் நர்ஸ் தான் பஸ் இறங்கி நடக்கும் பாதையை எழுதட்டும். டாக்சி ஓட்டுகிற தம்பி வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தெருவில் வண்டி நிற்க இடமில்லாததை எழுதட்டும். எழுத வராதவர் சொல்லச் சொல்ல, பேத்தியை விட்டு எழுதவையுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் சத்தியப் பிரமாணம் வைத்துத் தருவார்கள். அஃபிடவிட் ஆனதும் கடிதத்தின் மதிப்பு ஒரு படி ஏறும்.

கையெழுத்துத் தாளில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2021 ஜூலை முதல் பாப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடப்பில் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து போதும். அந்தத் தாளை வாட்ஸாப் குரூப்பில் போடவும் வேண்டாம்.

சங்கத்தின் பேரில் ஆட்சேபம் போடுவதானால், கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு, யார் பேச அதிகாரம் பெற்றவர் என்று மினிட்ஸில் எழுதி, அதன் நகலை இணையுங்கள். இதைச் செய்யாமல் போய், "உங்களை யார் அனுப்பியது?" என்ற ஒரு கேள்வியில் வாயடைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்சேபத்தின் பிரதி விண்ணப்பதாரருக்கும் போகும், உங்கள் பெயரும் முகவரியும் அவருக்குத் தெரிந்துவிடும். பயப்படுகிற வயதானவர்களுக்குச் சங்கத்தின் குடையே நல்லது.

நம்மவர்கள் மட்டும் போனால் "இந்தியர்களின் கலாசாரப் பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுவார்கள். பள்ளிவாசல் கமிட்டி, பெந்தகொஸ்தே பாஸ்டர், கோவில் தலைவர் மூவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டில்பிரஷ் பக்கம் இருக்கும் சுலு பேசும் குடும்பங்களும் அதே டாக்சி ராங்கில்தான் இறங்குகிறார்கள். துண்டறிக்கை இசிசுலுவிலும் இருக்க வேண்டும், பெயருக்கு மொழிபெயர்த்ததாக இல்லாமல், அந்தப் பக்கத்து ஆள் ஒருவரே எழுதியதாக. எங்கள் கூட்டத்தில் மிக நேர்த்தியாகப் பேசியவர் அங்கிருந்து வந்த ஒரு கோகோ, சுலுப் பாட்டிதான். "பார்க்கிங் கிடைக்காதவன் என் கேட் முன்னால்தான் நிறுத்துவான், அங்கேதான் சிறுநீரும் கழிப்பான்" என்றார். அதற்குப் பிறகு நான் காட்டிய வரைபடத்தை யாரும் கவனிக்கவில்லை.

கவுன்சிலரை முதல் வாரமே பாருங்கள். வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தவிரப் பத்துப் பேர் வரை இருக்கலாம், அதில் ஒருவர் கண்டிப்பாக உங்களுக்குச் சொந்தம் அல்லது பள்ளித் தோழர். வாய்ச் சொல்லில் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதை ஏற்காதீர்கள், எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே நாளில் சந்தியுங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் மற்றவர் கிளப்புக்கு ஆதரவாகிவிடும் அபாயம் இந்த ஊரில் எப்போதும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் லிக்கர் பொறுப்பு அதிகாரி ஒருவர் இருப்பார், மது விண்ணப்பத்துக்கு அவர் அறிக்கை போகும். கம்யூனிட்டி போலீசிங் ஃபோரம் மூலம் அவரிடம் அந்தத் தெருவின் பழைய புகார்களை நினைவுபடுத்துங்கள்.

பத்திரிகை, ரேடியோ: ஒரு வாரம் போதும். 'போஸ்ட்', 'ரைசிங் சன்' இரண்டுக்கும் ஒரே நாளில் செய்தி கொடுங்கள். லோட்டஸ் எஃப்எம்மில் பேசக் கூப்பிட்டால் நிதானமான ஆளை அனுப்புங்கள்.

ஆட்சேபக் கடிதம்

இங்கிலீஷில் எழுதுங்கள், இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். விண்ணப்ப எண், முகவரி, உங்கள் தூரம், உங்களுக்கு வரும் பாதிப்பு, அதற்கான ஆதாரம், என்ன கேட்கிறீர்கள். எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"விண்ணப்பதாரர் ரெஸ்டாரண்ட் வகையில் லைசென்ஸ் கேட்கிறார். அவர் இணைத்த தள வரைபடத்தில் சமையலறை சேமிப்பு அறையைவிடச் சிறியது. மேடை ஒன்றும் மூன்று தனியறைகளும் காட்டப்பட்டுள்ளன. சாப்பாட்டு மேசைகள் காட்டப்படவில்லை. இந்த மாடிக்குக் கடைசியாக அனுமதித்த பிளான் கடை வகுப்பில் உள்ளது. ஏ1 வகுப்புப் பிளானும் இரண்டாவது படிக்கட்டும் இல்லாத நிலையில் இந்த இடத்தைப் பொதுமக்கள் கூடும் இடமாக உரிமம் செய்யக் கூடாது."

இதில் 'ஆபாசம்' என்ற சொல் இல்லை, 'ஒழுக்கம்' இல்லை. வரைபடத்தைப் பார்த்து யாருக்கும் வரவேண்டிய சந்தேகம் தானாக வந்துவிடும். விண்ணப்பக் கோப்பைப் பார்க்கக் கேட்டால் வரைபடம் கிடைக்கும். அதில்தான் உண்மை இருக்கும், முகப்புக் கடிதத்தில் இருக்காது. வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஒவ்வொரு பகுதியிலும் என்னை மாதிரி ஒருவன் இருப்பான், ரொட்டிக்குள் கறி வைத்த ஒரு பன்னி சவ் வாங்கிக் கொடுத்தால் வருவான்.

கம்பெனியின் பெயரையும் தேடிப் பாருங்கள். கம்பெனிப் பதிவுத் தளமான பிஸ்போர்ட்டலில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவே இல்லாத கம்பெனி, போன மாதம் பிறந்த கம்பெனி எல்லாம் வரும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். "அவன் மாஃபியா", "பெண்களைக் கடத்துகிறான்" என்று எழுதினால் அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வரும். நியாயமாகப் பேசியவர்களை வாய்மூடவைக்கத்தான் அவதூறு வழக்கு என்றால் அதை எதிர்த்து வாதாடலாம் என்று 2022இல் அரசியல் சாசன நீதிமன்றம் மினரல் சாண்ட்ஸ் வழக்கில் ஒத்துக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் அந்தப் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கிற நிலைக்கு ஏன் போக வேண்டும்? உண்மையிலேயே கடத்தல் சந்தேகம் இருந்தால் 0800 222 777க்கு அழையுங்கள். அதற்காகத்தான் அந்த எண் இருக்கிறது.

கடைசிப் பத்தியில் இரண்டு அடுக்காகக் கேளுங்கள். முதலில் "மறுக்க வேண்டும்". அதன் கீழே "ஒருவேளை கொடுப்பதாக இருந்தால் இந்த நிபந்தனைகளோடு": மூடும் நேரம், வெளியே கேட்காத ஒலித்தடுப்பு, முகப்பில் படமோ நியானோ இல்லாத பலகை, பின்வாசல் அவசரத்துக்கு மட்டும், வாசலில் காவலர், கேமரா, 18 வயதுக்குக் கீழ் யாரும் இல்லை. இந்த இரண்டாவது அடுக்கு எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டையைக் கிளப்பியது. "நிபந்தனை கேட்பது என்றால் ஒத்துக்கொண்டதாக ஆகாதா?" என்று கோவில் தலைவர் எழுந்து போய்விட்டார். ஆகாது. கேட்காமல் விட்டு லைசென்ஸ் கிடைத்துவிட்டால் நிபந்தனையே இல்லாத கிளப்தான் கிடைக்கும். பெரியவர் அடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வந்து, மூடும் நேரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னார்.

ஆடுகிற பெண்களைப் பற்றி

அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை. போராட்டத்தில் அவர்களைப் பார்த்துக் கத்துவது, வண்டியில் இறங்கும்போது படம் எடுப்பது, பெயர் கண்டுபிடித்துப் போடுவது, இதில் எது நடந்தாலும் நான் அந்தப் போராட்டத்தில் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். இந்தத் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால்தான் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று ஸ்வெட் அமைப்பு சொல்கிறது. வாங்குகிறவனைத் தண்டித்து, பெண்களை வெளியே வர உதவ வேண்டும் என்று எம்ப்ரேஸ் டிக்னிட்டி சொல்கிறது. அவர்கள் பேசுவது பாலியல் தொழிலைப் பற்றி, மேடை ஆட்டம் அதுவே இல்லை, ஆனாலும் ஒரே மேசையில்தான் விவாதம் நடக்கிறது. உங்கள் சங்கம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. நம் கேள்வி அந்த மாடிக்கு அந்த லைசென்ஸ் பொருந்துமா என்பது மட்டும். நல்ல வாசல் இல்லாத மாடியில் தீப்பிடித்தால் முதலில் மாட்டிக்கொள்வது உள்ளே தனியறையில் இருக்கும் அந்தப் பெண்தான். இதையும் ஹியரிங்கில் சொன்னோம்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். டர்பனில் இரவுத் தொழிலுக்குப் பேர்போன பாயிண்ட் ரோடுக்கு மகாத்மா காந்தி ரோடு என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப் பலகை மாறியது. தெரு தன் பாட்டுக்கு இருந்தது. பலகையில் என்ன எழுத வேண்டும் என்று மணிக்கணக்காகச் சண்டை போடும் கமிட்டிகளுக்கு இதைச் சொல்வேன்.

ஊர்வலமும் ஹியரிங்கும்

பதினைந்து பேர் வரை பலகை பிடித்து நிற்க முன்னறிவிப்பு வேண்டாம். அதற்கு மேல் என்றால் 1993ஆம் ஆண்டின் கூட்டங்கள் சட்டப்படி மாநகராட்சிக்கு ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் கொடுத்தால் தடை செய்யலாம். அறிவிக்காமல் கூட்டம் கூட்டியதற்காக மட்டும் கைது செய்து குற்றவாளி ஆக்க முடியாது என்று 2018இல் ம்லுங்வானா வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் ஏழு நாள் முன்னால் கொடுத்துவிட்டால் போலீசே டிராபிக்கைத் திருப்பிவிடும், ஏன் வம்பு? தவில், உருமி வேண்டாம். சத்தத்தை எதிர்த்துப் போகிறோம்.

ஹியரிங்குக்கு எல்லோரும் பேசக் கூடாது. இரண்டு பேர் பேசட்டும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். உட்கார்ந்திருப்பதும் வேலைதான், வேலைநாள் காலையில் லீவு போட்டு வந்த முப்பது முகங்களை மேசைக்குப் பின்னால் இருப்பவர் எண்ணுவார். விண்ணப்பதாரரின் வக்கீல் கட்டாயம் கேட்கும் கேள்வி இது: "நீங்கள் மத அடிப்படையில்தானே எதிர்க்கிறீர்கள்?" பதிலை வீட்டிலேயே தயார் செய்யுங்கள். "நான் கோவிலுக்குப் போகிறவன்தான். ஆனால் நான் கேட்டது இரண்டாவது படிக்கட்டைப் பற்றி" என்றால் அவருக்கு அடுத்த கேள்வி வராது. வேலைவாய்ப்பு பற்றியும் பேசுவார். அதை மறுக்காதீர்கள், இங்கே வேலையில்லாமல் ஒருவராவது இல்லாத வீடே இல்லை. வேலை வேறு முகவரியிலும் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

முடிவு எதிராக வந்தால், 90 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கேட்கும் உரிமை 2000ஆம் ஆண்டின் பாஜா என்ற நிர்வாக நீதிச் சட்டத்தில் இருக்கிறது. உள்ளுக்குள் இருக்கும் மேல்முறையீட்டை முதலில் முடிக்க வேண்டும். அப்புறம்தான் ஹைகோர்ட், அதுவும் தாமதமில்லாமல், அதிகபட்சம் 180 நாளுக்குள். அந்தப் படிக்குப் போவதற்கு முன் செலவைக் கேளுங்கள். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம், டர்பனில் இருக்கும் லீகல் ரிசோர்சஸ் சென்டர் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் மாநகராட்சியே சோனிங் மீறலுக்கு நோட்டீஸ் கொடுக்கவும் கோர்ட்டுக்குப் போகவும் அதிகாரம் உள்ளது என்பதை அவர்களுக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள்.

எங்கள் கதை இப்படி முடிந்தது: ரெஸ்டாரண்ட் லைசென்ஸ் கிடைத்தது, நிபந்தனைகளோடு. தனியறைகளை வரைபடத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். இரண்டாவது படிக்கட்டுக்கு ஆகும் செலவைப் பார்த்ததும் பார்ட்னர்களில் ஒருவர் விலகிவிட்டார். இப்போது கீழ்த்தளத்தில் மட்டன் பன்னி விற்கிறார்கள். சனிக்கிழமை கரோக்கி. அதுவும் சகிக்க முடியாதுதான், ஆனால் அதற்கு நான் ஆட்சேபம் போடவில்லை.

லைசென்ஸ் கொடுத்த பிறகும் கோப்பை மூடாதீர்கள். மது லைசென்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நோட்டு வைத்து, சத்தம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது, போலீசைக் கூப்பிட்ட குறிப்பு எண் என்ன, பின்வாசல் திறந்திருந்ததா என்று அன்றன்றே எழுதட்டும். ஒரே பேனாவில் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய நோட்டு பார்த்தாலே தெரிந்துவிடும். மீறல் நடந்தால் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் 2015ஆம் ஆண்டுத் தொந்தரவு விதியில் அப்போதே புகார் கொடுத்து, புகார் எண்ணை நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் காலத்தில் நோட்டின் நகலும் புகார் எண்களின் பட்டியலும் லிக்கர் அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும் ஒரே நாளில் போக வேண்டும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு.